அப்பாவுக்கு அடிக்கடி புரையேறுகிறது: ரெண்டு குழாயையும் ஏன் ஒரே இடத்தில் வைத்தார்கள்?

சும்மாஒருவன் (திங்கள், இரவு 9.40)

ஞாயிறு மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு வயது 74. சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தவருக்குப் பாதியில் புரையேறிவிட்டது. கண் சிவந்து, மூக்கு வழியாகத் தண்ணீர் வந்து, அடங்க அஞ்சு நிமிஷம் ஆனது. அம்மா வழக்கம்போல் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்றார். இருமலுக்கு நடுவிலேயே அப்பா "ரெண்டு மாசமா தினமும் நினைக்கிறாங்கன்னா அது யாருடி" என்று கேட்டார், எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடித்ததும் மூணாவது படிக்கிற என் பெண் கேட்டாள்: "சோறு போற குழாயும் காத்து போற குழாயும் தனித்தனியா இருந்தா தாத்தாவுக்குப் புரையேறுமா? ஏன் ஒண்ணா வச்சாங்க?" என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தலையில் தட்டுவதால் ஏதாவது பலன் உண்டா?

மிளகுரசம் (இரவு 9.52)

எங்கள் அபார்ட்மெண்டில் குடிதண்ணீர் லைனையும் சாக்கடை லைனையும் குறுக்கே விட்ட பிளம்பர்தான் இதையும் போட்டிருப்பான் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.

பயாலஜிடீச்சர் (இரவு 10.31)

பாப்பா கேட்ட கேள்வி சின்னதல்ல. டார்வினே 1859-இல் இதைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். நாம் விழுங்குகிற ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, உள்ளே விழுந்துவிடும் ஆபத்தோடு, இது என்ன விசித்திரம் என்று.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் அதை ஒட்டிப் பின்னால். காற்று மூக்கு வழியாக வருகிறது, அதாவது மேலேயும் பின்னாலும் இருந்து கிளம்பி முன்பக்கக் குழாய்க்குப் போக வேண்டும். சோறு வாய் வழியாக, முன்னால் இருந்து கிளம்பிப் பின்பக்கக் குழாய்க்குப் போக வேண்டும். அப்படியானால் இரண்டும் எங்கேயாவது குறுக்கே வெட்டிக்கொள்ளத்தானே வேண்டும்? அந்த நாற்சந்திதான் தொண்டை. அங்கே சிக்னல் இருக்கிறது, மேம்பாலம் இல்லை.

அந்த சிக்னலைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். "சங்கை நெரிச்சிடுவேன்" என்கிறோமே, அந்தச் சங்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். குரல்வளை விருட்டென்று மேலேறி இறங்கும். மேலேறி, கொஞ்சம் முன்னால் நகர்ந்து, நாக்கின் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. உள்ளே குரல் நாண்கள் இரண்டும் இறுக மூடிக்கொள்கின்றன, அதற்கு மேலே குரல்வளை மூடி சாய்ந்து விழுகிறது. அதே நேரத்தில் அண்ணத்தின் பின்பகுதி தூக்கி மூக்குக்குப் போகிற வழியை அடைக்கிறது, இல்லையென்றால் ரசம் மூக்கில் வரும். மூச்சு ஒரு விநாடி அளவுக்கு நிற்கிறது, விழுங்கியதும் பெரும்பாலும் வெளிமூச்சாகத்தான் மறுபடி தொடங்குகிறது. தப்பித் தவறி வாசலில் ஒரு பருக்கை நின்றிருந்தாலும் அதை வெளியே ஊதிவிடத் தோதாக.

நம் பாடப்புத்தகத்தில் மூடி மட்டும்தான் இருக்கும், ஏதோ குக்கருக்கு மூடி போடுகிற மாதிரி. நானும் இருபது வருஷம் அப்படித்தான் நடத்தினேன். உண்மையில் மூடியை அறுவை செய்து எடுத்துவிட்டவர்களில் பலர் கொஞ்ச நாள் பழகிக்கொண்டு ஒழுங்காக விழுங்குகிறார்கள். முக்கியமான வேலை குரல் நாண்கள் மூடுவதும் குரல்வளை மேலேறுவதும்தான்.

ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்பதற்கு நாளை எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

சும்மாஒருவன் (இரவு 10.44)

டீச்சர், வீட்டில் நாலு பேரும் சங்கில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாயைத் திறந்தபடி விழுங்க முடிகிறதா என்று பாப்பா முயற்சி செய்து தோற்றுவிட்டாள்.

நைட்டூட்டி (இரவு 11.15)

தம்பி, எல்லாரும் பாடம் நடத்தட்டும், நான் உங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்கிறேன். ஸ்ட்ரோக் வார்டில் 11 வருஷமாக இருக்கிறேன். தினமும் என்று சொன்னீர்களே, அது சோற்றுக்கா தண்ணீருக்கா? குடித்த பிறகு குரல் ஈரமாக, தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி கொளகொளவென்று கேட்கிறதா? சாப்பிட வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறதா? எடை குறைந்திருக்கிறதா? சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல்? பேச்சில், வாய்க் கோணலில் ஏதாவது?

ஜனங்கள் சோறுதான் அடைக்கும் என்று நினைக்கிறார்கள். விழுங்கும் தசை சோம்பிப் போனவர்களுக்கு உண்மையான எமன் தண்ணீர். கெட்டியான கஞ்சி நிதானமாக உருளும், அதற்குள் கதவு மூடிவிடும். தண்ணீர் ஓடிவரும், கதவு மூடுவதற்குள் உள்ளே போய்விடும்.

சும்மாஒருவன் (இரவு 11.32)

அக்கா, நீங்கள் கேட்டதும் பயமாகிவிட்டது. சோற்றுக்கு அவ்வளவாக இல்லை, தண்ணீர், காபி, மோர் மூன்றுக்கும்தான். குரல் கொஞ்சம் கரகரப்பு உண்டு, சளி என்று நினைத்தோம். தெருமுனை கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள், இது மூன்றாவது பாட்டில்.

நைட்டூட்டி (இரவு 11.36)

இருமல் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், முதலில் ஏன் இருமுகிறார் என்று தெரியட்டும். இருமல்தான் அவருடைய வாட்ச்மேன், அவனைத் தூங்க வைத்துவிட்டால் உள்ளே போவது யாருக்கும் தெரியாது. நரம்பு டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ இந்த வாரமே பாருங்கள். அதுவரை அண்ணாந்து குடிக்க விடாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் தண்ணீர் நேராகத் தொண்டைக்குள் கொட்டும், குரல்வளை மேலேறுவதும் கஷ்டம். நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரில் வாய் வைத்து, ஒரு மடக்கு, விழுங்கியாச்சா, அப்புறம் அடுத்த மடக்கு. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

மிளகுரசம் (செவ்வாய், காலை 7.20)

அண்ணே, ஜோக்குக்கு மன்னிக்கவும். அப்பாவை உடனே கூட்டிப்போங்கள்.

தலையில் தட்டுவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

நைட்டூட்டி (காலை 8.05)

டூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன், சுருக்கமாக. உச்சந்தலையில் தட்டுவதால் பலன் இல்லை, அன்பு மட்டும்தான். இருமுகிறார், பேசுகிறார் என்றால் காற்று போய் வருகிறது என்று அர்த்தம். அவரை இருமவிடுங்கள், நடுவில் தண்ணீர் கொடுத்துத் திணிக்காதீர்கள்.

இருமவும் முடியவில்லை, பேச்சு வரவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறார் என்றால் அது வேறு. குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 அடி. வரவில்லையா, பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். ஆள் மயங்கிச் சாய்ந்துவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். கர்ப்பிணி என்றால் வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில். ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் 5, திருப்பி நெஞ்சில் 5, வயிற்றைத் தொடாதீர்கள். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

தாம்பரம்லோக்கல் (காலை 9.10)

வயிற்றை அழுத்தும் முறையை 1974-இல் வெளியிட்டவர் ஹைம்லிக் என்ற அமெரிக்க டாக்டர். இதில் கூத்து என்னவென்றால், 2016-இல், 96 வயதில், தான் தங்கியிருந்த முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் இருந்த பாட்டிக்கு ஹாம்பர்கர் துண்டு சிக்கிக்கொள்ள, எழுந்து போய்த் தானே செய்து காப்பாற்றினார். தோசைக்குப் பெயர் போனவர் கையாலேயே தோசை சாப்பிட்ட மாதிரி.

யோகாதாசன் (காலை 10.02)

பெரியவருக்கு இது ஜீரணக் கோளாறுதான். வயிற்றால் மூச்சு விடப் பழக்குங்கள். மூச்சுக் காற்று வயிற்றுக்குள் இறங்கினால்தான் ஜடராக்கினி எரியும், உணவு வேகும். நெஞ்சோடு மூச்சை நிறுத்திக்கொள்வதால்தான் இத்தனை வியாதி. சாப்பாட்டு நடுவில் தண்ணீர் குடிப்பதும் அந்த நெருப்பை அணைத்துவிடும்.

பயாலஜிடீச்சர் (மாலை 5.48)

யோகாதாசன் சார், பிராணாயாமம் நானும் செய்கிறேன், அதில் சண்டை இல்லை. ஆனால் மூச்சுக் காற்று வயிற்றுக்குள் போவதில்லை. வயிறு உப்புவது உதரவிதானத்தால். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி கவிழ்ந்திருக்கும் தசைத்தட்டு அது. சுருங்கினால் கீழே இறங்கும், நுரையீரல் விரியும், கீழே இருக்கிற குடலும் கல்லீரலும் போக இடமில்லாமல் வயிற்றை முன்னால் தள்ளும். அவ்வளவுதான். நிஜமாகவே வயிற்றுக்குள் போகிற காற்று சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குகிற காற்று, அதற்கு ஏப்பம் என்று பெயர்.

ஆனால் நெருப்பு என்று சொன்னீர்கள் பாருங்கள், இடம்தான் தப்பு, சங்கதி சரி. வயிற்றில் எரிவது அமிலம், அது எரிப்பதில்லை, உடைக்கிறது. சிறுகுடலில் கணைய நீரும் பித்தமும் சேர்ந்து மீதியை உடைக்கும், சுமார் 6 மீட்டர் நீளக் குடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் விடும். உண்மையான எரிப்பு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது. குடல் கொடுத்த சர்க்கரையும் நுரையீரல் கொடுத்த ஆக்சிஜனும் அங்கேதான் சந்திக்கின்றன. சாம்பல் கரியமில வாயுவாக நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. இழுக்கிற காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், விடுகிற காற்றில் சுமார் 16. குறைந்த பங்கு நீங்கள் சாப்பிட்டதை எரிக்கப் போயிற்று.

சாப்பாட்டு நடுவில் தண்ணீர் குடித்தால் ஒன்றும் அணையாது. இரைப்பை தேவைக்கு ஏற்ப அமிலத்தைச் சுரந்துகொள்ளும், தண்ணீர் சீக்கிரமே அங்கிருந்து இறங்கிவிடும்.

மிளகுரசம் (மாலை 6.15)

அப்போ நான் குறைக்கப் பார்க்கிற தொப்பை எங்கே போகும்? வியர்வையில்தானே?

பயாலஜிடீச்சர் (மாலை 6.40)

மூச்சில் போகும். 2014-இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராக. உடனே வேகமாக மூச்சு விட்டு இளைக்கப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். எரித்தால்தான் புகை வரும், புகைபோக்கியை ஆட்டினால் அடுப்பு எரியாது.

தாம்பரம்லோக்கல் (மாலை 7.02)

இது இப்போதுதான் உறைக்கிறது. போலீஸ் ஊதச் சொல்கிறார்களே, குடித்தது வயிற்றில், மாட்டிக்கொள்வது நுரையீரலில்! குடல் உறிஞ்சிய சாராயம் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய் அங்கிருந்து காற்றில் கலக்கிறது. பூண்டும் இதே கதைதான். எத்தனை முறை பல் தேய்த்தாலும் மறுநாள் வரை வாடை அடிப்பது ரத்தத்தில் ஏறிய கந்தகச் சரக்கு மூச்சு வழியாக வருவதால். வாயைக் கழுவி என்ன பிரயோஜனம்.

ரெண்டுபிள்ளைஅம்மா (இரவு 8.20)

படிக்கப் படிக்க என் சின்னவனுக்கு நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. ரெண்டு வயசு இருக்கும். அக்காவோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டே வேர்க்கடலை தின்றான், சிரித்தான், இருமினான், ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்து விசில் மாதிரி மூச்சு. ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள், அடங்கவில்லை. கடைசியில் ஒரு வயதான டாக்டர் ரெண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு "வலது பக்கம் காத்து கம்மியா போகுது, என்ன தின்னான்?" என்று முதல் கேள்வியிலேயே கேட்டார். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, அரைக் கடலையை எடுத்தார்கள். அந்தக் கடலையை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள், ஊறிப் பெருத்திருந்தது.

ஏன் வலது பக்கம் மட்டும் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நைட்டூட்டி (இரவு 9.00)

மூச்சுக்குழாய் கீழே இரண்டாகப் பிரிகிறது. இடது கிளை இதயத்துக்கு வழிவிட்டு ஒல்லியாக, சாய்ந்து போகும். வலது கிளை அகலம், கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் இறங்கும். நிற்கிறவருக்குள் எது விழுந்தாலும் அங்கேதான் முதலில் போகும். மின்னல் வேகத்தில் ஓடுகிற குழந்தைக்குக் கடலை கொடுக்காதீர்கள், நாலு வயசு வரை பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரி இன்னும் மோசம். அது உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துவிடும்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கைக்குழந்தைக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, படுக்க வைத்துக் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு சங்கில் புகட்டுவது, இவையெல்லாம் பாட்டி காலத்துப் பழக்கம். தண்ணீர் உள்ளே போனால் குழந்தை இருமும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு இருமலை எழுப்பாமலே நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், அங்கிருந்து எளிதில் வெளியே வராது. அப்படி வந்த நிமோனியாவைப் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம்லோக்கல் (இரவு 9.25)

அந்தக் குழாய் விட்டு எடுக்கிற வித்தை 1897-இல் தொடங்கியது. ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் கில்லியன் என்ற டாக்டர் ஒரு விவசாயியின் வலது கிளையிலிருந்து பன்றி எலும்பை எடுத்தார். பிறகு அமெரிக்காவில் செவாலியர் ஜாக்ஸன் என்றொருவர், தான் மனிதர்களின் தொண்டையிலும் நெஞ்சிலும் இருந்து எடுத்த ஊசி, பொத்தான், நாணயம், பொம்மை என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்னும் இருக்கின்றன.

யோகாதாசன் (இரவு 9.50)

டீச்சர் அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் மூச்சுக்கும் செரிமானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

பயாலஜிடீச்சர் (இரவு 10.20)

சம்பந்தம் இல்லை என்று எங்கே சொன்னேன்? உதரவிதானத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் உணவுக்குழாய் வயிற்றுக்கு இறங்குகிறது, அந்தத் தசை இறுகிப் பிடிப்பதால்தான் அமிலம் பெரும்பாலும் மேலே வராமல் இருக்கிறது. அது தளர்ந்தவர்களுக்கு ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல், சிலருக்கு இருமலும்கூட. அதே தசை திடீரென்று வெட்டி இழுத்து, உள்ளே பாய்கிற காற்றின் முகத்தில் குரல் நாண்கள் அறைந்து மூடினால் விக்கல். இரண்டு அமைப்பும் ஒட்டுக் குடித்தனம்தான், வாசலும் ஒன்று.

இப்போது பாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். யாரும் வைக்கவில்லை, கிளைத்தது. கருவில் நாலாவது வாரத்தில் குழந்தைக்கு நுரையீரலே கிடையாது. ஒரே ஒரு உணவுப் பாதை மட்டும் இருக்கும். அதன் முன்பக்கச் சுவரில் சின்ன மொட்டு ஒன்று முளைக்கும். அது நீண்டு, இரண்டாகி, கிளை கிளையாகப் பிரிந்து, வளர்ந்த ஆளிடம் கோடிக்கணக்கான காற்றறைகளாக நிற்கிறது. விரித்துப் போட்டால் அதன் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர் வரும், ஒரு சின்ன ஃபிளாட் அளவு. ஆக நுரையீரல் என்பது குடல் போட்ட கிளை. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினால் தலைமதகு ஆற்றங்கரையில்தானே இருக்கும்? காற்றை விழுங்கிக் குடலின் ஓரப் பையில் வைத்துக்கொண்டு உயிர் பிழைத்த ஆதி மீன்களின் சொத்து இது, நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கைக்குழந்தைக்கு இந்தக் குறுக்குச் சந்தி இவ்வளவு மோசமில்லை. குரல்வளை உயரத்தில், மூக்குக்குப் பின்னாலேயே இருக்கும், அதனால்தான் மார்பில் வாய் வைத்தபடியே மூக்கால் மூச்சு விட்டுக்கொள்கிறது. வளர வளர அது கீழே இறங்கும், இறங்கியதால் தொண்டை நீண்டு பேச்சுக்கு வசதி ஆயிற்று என்று பலர் சொல்கிறார்கள். பேச்சுக்காகவே இறங்கிற்றா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது, அதில் நான் தலையிடவில்லை.

சும்மாஒருவன் (வெள்ளி, இரவு 9.15)

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை கூட்டிப்போனோம். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டு, பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லித் திரையில் பார்த்தார்கள். விழுங்குவதற்கு முன்பே பச்சை நூலிழையாகக் குரல்வளைக்குள் இறங்குவதை நானே பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. அதே சாயத்தைக் கெட்டிக் கஞ்சியில் கலந்து கொடுத்தால் ஒழுங்காக இறங்கியது. அக்கா சொன்னது அப்படியே. ஸ்கேனில் பழைய சின்ன ஸ்ட்ரோக் ஒன்று தெரிகிறதாம், எப்போது வந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு முன் ஒரு நாள் பேச்சு குழறுகிறது என்று அம்மா சொன்னதாக இப்போது ஞாபகப்படுத்திக்கொள்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி, விழுங்கும் பயிற்சி என்று ஆரம்பித்திருக்கிறார்கள். தாடையை மார்பை நோக்கிக் குனிந்து விழுங்கச் சொல்கிறார் தெரபிஸ்ட்.

பாப்பாவிடம் மீன் கதையைச் சொன்னேன். "அப்ப தாத்தாவும் மீனா?" என்று போய்த் தாத்தாவிடமே கேட்டுவிட்டாள்.

ஒரே சிக்கல், அப்பா டம்ளரில் வாய் வைக்க மறுக்கிறார். எழுபது வருஷம் எச்சில் படாமல் குடித்த மனுஷன். "நாலு பேர் குடிக்கிற பாத்திரத்தில் வாய் வைப்பேனா" என்கிறார். யாரும் பார்க்காதபோது சொம்பைத் தூக்கிவிடுகிறார்.

நைட்டூட்டி (வெள்ளி, இரவு 11.40)

எங்கள் வார்டில் இது தினசரி நடக்கிற பஞ்சாயத்து தம்பி. அவர் பெயர் வெட்டின ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, வேறு யாரும் தொடக் கூடாது என்று பாப்பாவைக் காவலுக்குப் போடுங்கள். சொம்பை எடுத்துப் பரணில் வையுங்கள்.

சும்மாஒருவன் (ஞாயிறு, மதியம் 2.05)

பெயர் வெட்டியாச்சு. பாப்பா பெயருக்குக் கீழே ஒரு மீனும் வெட்டச் சொல்லிவிட்டாள், பாத்திரக் கடைக்காரர் அதற்கு இருபது ரூபாய் தனியாக வாங்கினார். இன்றைக்கு மோர், கெட்டியாக, மூன்று மடக்கு. இருமல் இல்லை.